நைட் ஷிப்ட் ஓ.டி. (ஓவர்டைம்) கணக்கு: யூனியன் ஒப்பந்தப்படி ஷீட் போடுவது எப்படி?

"சார், என் ஓ.டி.யில ரெண்டு மணி நேரம் காணோம்." ஆலையில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் மாதக் கடைசியில் இதைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. ரோஸ்டர் (ஷிப்ட் பட்டியல்) மென்பொருள் தொகையைக் காட்டுமே தவிர, அது எப்படி வந்தது என்று சொல்லாது. உள்ளே நடப்பதை ஒரு சாதாரண ஷீட்டில் நாமே போட்டுப் பார்த்துவிடலாம். நான் லிப்ரெஆஃபீஸ் கால்க் வைத்திருக்கிறேன். எக்செலிலும் இதே ஃபங்ஷன்கள்தான். கூகுள் ஷீட் மட்டும் வேண்டாம். சம்பள விவரம் வாட்ஸப்பில் லிங்க்காகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

படி 1: விதிகளுக்குத் தனி ஷீட்

நாள் வரம்பு, வார வரம்பு, எத்தனை மடங்கு, ரவுண்டிங் நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் இரு மடங்கு ஊதியம் (இப்போதைய வரம்பு கடைசியில் இருக்கிறது). யூனியன் ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. 8 மணி நேரம் தாண்டினாலே ஓ.டி. என்று பேசி முடித்த இடங்கள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய தொழில் தகராறு சட்டப்படி, சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். நேரடியாகப் பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பை மட்டும்தான் கட்டும். இரண்டு யூனியன் இருக்கும் இடத்தில் ஒரே லைனில் நிற்கிற இருவருக்கு வேறு வேறு வரம்பு வரலாம். அதனால் ஆள் பட்டியலில் "எந்த விதி" என்று ஒரு நெடுவரிசை வைத்துவிடுங்கள்.

படி 2: பஞ்ச் (வருகைப் பதிவு) எந்த நாளுக்குச் சொந்தம்?

தகராறு பெரும்பாலும் பெருக்கலில் வருவதில்லை, இங்கேதான் வருகிறது. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு சி ஷிப்ட் ஏறியவர் ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்குகிறார். எங்களுக்கு வந்த மென்பொருள் நள்ளிரவில் கோடு போட்டு, 2 மணி நேரம் சனிக்கு, 6 மணி நேரம் ஞாயிறுக்கு என்று பிரித்தது. ஞாயிறு வார விடுமுறை. அவ்வளவுதான், "விடுமுறையில் வேலை" என்று சிவப்புக் கட்டம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமும் முந்தைய நாள் கணக்குதான். அவருடைய விடுமுறை, ஷிப்ட் முடிந்ததிலிருந்து 24 மணி நேரம்.

ஆகவே "பணி நாள்" என்று தனி நெடுவரிசை வேண்டும். உள்ளே வந்த தேதியை அப்படியே எடுத்தால் போதாதா? போதாது. சி ஷிப்டுக்கு நள்ளிரவு 12:10-க்குத் தாமதமாக வருகிறவர் மறுநாள் ஆளாகிவிடுவார். ஏ ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்குகிறது என்று 6 மணி நேரத்தைக் கழித்தால், 5:45-க்கே வந்தவர் நேற்றைய ஆளாகிவிடுவார். 4 மணி நேரம் கழித்தால் இருவருமே சரியான நாளில் விழுகிறார்கள். அதாவது, தேதியும் நேரமும் சேர்ந்த கட்டத்திலிருந்து 4/24 கழித்து, இன்ட் (INT) ஃபங்ஷனுக்குள் போடுங்கள்.

பஞ்ச் மெஷினிலிருந்து வரும் தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, எண் அல்ல. முதலில் அதை மாற்றுங்கள்.

படி 3: மணியில் வேண்டாம், நிமிடத்தில் வையுங்கள்

வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்து, 1440-ஆல் (ஒரு நாளின் நிமிடங்கள்) பெருக்கி, ரவுண்ட் செய்து முழு எண்ணாக்குங்கள். வீடியோக்களில் காட்டுகிற மாட் (MOD) ஃபங்ஷன் தேதி இல்லாத நேரத்துக்குத்தான், நமக்குத் தேவையில்லை. மணியிலேயே வைத்திருந்தால், திரையில் 8 என்று தெரிவது உள்ளே 7.9999 ஆக இருக்கலாம். அதை அரை மணிக்குக் கீழே இறக்கினால் 7.5. அரை மணி நேரம் காற்றில் போய்விடும்.

படி 4: நாளா, வாரமா?

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரம் சனி நள்ளிரவில் தொடங்கும். வீக்நம் (WEEKNUM) ஃபங்ஷன் ஜனவரி 1-இல் வாரத்தை உடைத்துவிடும். பணி நாளிலிருந்து அதன் வீக்டே (WEEKDAY) எண்ணைக் கழித்து 1 கூட்டினால் அந்த வாரத்து ஞாயிறு கிடைக்கும். அதை வைத்து சம்இஃப்ஸ் (SUMIFS) போடுங்கள்.

திங்கள் 10 மணி, செவ்வாய் 10, மற்ற நான்கு நாளும் 8 என்றால் மொத்தம் 52. நாள் வரம்பு 9 என்றால் நாள்வாரி ஓ.டி. 2, வாரவாரி ஓ.டி. 4. இரண்டையும் கூட்டி 6 என்று போடக் கூடாது, ஒரே மணி நேரத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். இரண்டில் பெரியது எதுவோ அதுதான்: 4. அதே ஆள் சனிக்கிழமை லீவு போட்டால் மொத்தம் 44. பழைய சட்டத்தின் 9 மணி வரம்புப்படி ஓ.டி. 2 மணி நேரம், 8 மணி ஒப்பந்தப்படி 4. காணாமல் போகிற அந்த "ரெண்டு மணி நேரம்" பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

படி 5: பணம்

மாதம் 15,600 ரூபாய், 26 நாள், 8 மணி என்றால் மணிக்கு 75, ஓ.டி. 150. மேலே சொன்ன வித்தியாசம் 300 ரூபாய். பழைய 59-வது பிரிவு அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் (அலவன்ஸ்) சேர்க்கச் சொன்னது; போனஸ் சேராது. மென்பொருளில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (பஞ்சப்படி) மட்டும் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பின்னூட்டத்தில் வந்தது: கம்பெனி பஸ் 5:35-க்கே இறக்கிவிடுகிறது. முன்னால் 25 நிமிடம், வெளியேறும்போது வரிசையில் 5 நிமிடம், சேர்ந்து அரை மணி ஓ.டி. ஆகிவிடுகிறதாம். பஞ்ச் நேரம், ஷிப்ட் தொடக்கம் இரண்டில் எது பிந்தியதோ அதை எடுங்கள். சூப்பர்வைசர் ஓ.டி. சீட்டு கொடுத்திருந்தால் மட்டும் பஞ்ச் நேரம்.

புதுச் சேர்க்கை: 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நாள் வரம்பு அதில் 8 மணி. வாரத்துக்கு 48, இரு மடங்கு, நள்ளிரவு விதி மூன்றும் தொடர்கின்றன. விதி ஷீட்டில் 9-ஐ 8 ஆக்குங்கள். ஊதியம் என்பதில் எது எது சேரும் என்ற வரையறையும் மாறியிருக்கிறது, மணி விகிதத்தை ஹெச்.ஆரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள்.