குட்டைக் கழுதை நொண்டினால் என்ன செய்ய வேண்டும்?

ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரமே வளரும் மினியேச்சர் கழுதையை வளர்ப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கழுதை வலியை எளிதில் வெளிக்காட்டாது என்பதுதான். குதிரை காலை ஊன்ற மறுத்து நிற்கும் அளவுக்கு வலி இருந்தாலும், கழுதை தலையைச் சற்றுத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்பதோடு சரி. நொண்டுவது நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும் என்பதால், மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் நாய், பூனைகளைப் பார்க்கும் மருத்துவர்களே மிகுதி. ஆகவே குதிரை, கழுதைகளைக் கவனிக்கும் உரிமம் பெற்ற மருத்துவரின் எண்ணை முன்கூட்டியே கொட்டில் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

கழுதையின் மூதாதை ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. அதன் குளம்பு குதிரைக் குளம்பைவிட ஈரத்தை எளிதில் உறிஞ்சும். ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தத் தீவில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களின் தொடர்மழையில், குளம்பு ஊறி மென்மையாகிறது. குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெண்கோடு விலகி, அந்த இடுக்கில் அழுக்கும் கிருமியும் புகுந்து சீழ் கட்டுகிறது. தேக்கா வட்டாரத்தில் மாட்டுக்கொட்டில்கள் இருந்த காலத்தில் நம் முன்னோர் மாட்டுக் குளம்பை நன்கு அறிந்திருந்தார்கள். எனினும் பிளவுபட்ட குளம்புக்கான கைவைத்தியம் ஒற்றைக் குளம்புக்கு அப்படியே பொருந்தாது.

மருத்துவர் வரும்வரை கழுதையை நடக்கவிடாமல், உலர்ந்த கொட்டிலில் ஒரு சாண் ஆழத்துக்கு மரச்சீவல் பரப்பி நிறுத்துங்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு குளம்பு மட்டும் சுட்டு, குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறத்தில் விரல் வைக்கும்போது நாடி பலமாகத் துடித்தால், அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். முன்கால் இரண்டும் சுட்டு, உடல் எடையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் குளம்பு அழற்சியென ஐயுற வேண்டும். ஆணி ஆழமாகக் குத்தியிருந்தால், அது மேலும் உள்ளே போகும் நிலை இல்லாதவரை, அதைப் பிடுங்க வேண்டாம். அது எதுவரை சென்றிருக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கு அந்த ஆணியே வழிகாட்டும்.

சீழை மருத்துவர் திறந்துவிட்ட பிறகு, அவர் சொல்லும் நாள்வரை எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை நனைத்து, நன்றாக ஈரம் ஒற்றி, பஞ்சு வைத்துக் குழந்தை டயப்பரால் சுற்றி, நீர் புகாத நாடாவால் ஒட்ட வேண்டும். நாடா குளம்பின் மேல்விளிம்பை இறுக்கக் கூடாது. ரணஜன்னித் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் வலிமாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கழுதையின் உடல் சில மருந்துகளைக் குதிரையைவிட வேகமாக வெளியேற்றிவிடுவதால், அளவையும் இடைவெளியையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது குளம்பைவிட வயிறுதான். வலியால் கழுதை தீனியை நிறுத்தினால், உடல் தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடும். கல்லீரல் பழுதாகிச் சில நாள்களிலேயே உயிர் போகக்கூடும். பருத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து அதிகம். சில கழுதைகள் வாயை அசைத்து மெல்வதுபோல் நின்றுகொண்டே எதையும் விழுங்காமல் இருக்கும். ஆதலால் காலையில் வைத்த வைக்கோலை எடைபோட்டு, மாலையில் மிஞ்சியதையும் எடைபோடுங்கள். சாணம் குறைகிறதா என்றும் பாருங்கள். படுத்த இடத்திலிருந்தே எட்டும்படி தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். இரக்கப்பட்டு ரொட்டி, வெல்லம், வாழைப்பழம் ஊட்ட மனம் வரும். குளம்பு அழற்சி உள்ள கழுதைக்கு அந்தச் சர்க்கரையே நோவைக் கூட்டும். பசியைத் தூண்ட எதைத் தரலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

நோயுற்ற கழுதையைத் தனியே அடைப்பதும் தவறு. துணையைப் பிரிந்த ஏக்கத்திலேயே அது உண்ண மறுக்கும். ஆகவே துணைக் கழுதையையும் அதே கொட்டிலில் கட்டுங்கள். குணமான பின், 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்குபவரை வரவழைப்பதோடு, நாள்தோறும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மழை பெய்யும் நாள்களில் சிமெண்ட் தரையுள்ள கூரைக்கடியில் அதை நிறுத்தி வையுங்கள்.