புதுச் சவரில் தண்ணி நூல் போல வருகிறதா? மோட்டர் வாங்க முதல் இதைச் செய்து பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் தங்கச்சி வீட்டுக்குப் புதுச் சவர் பூட்டினார்கள். தலைக்கு மேல் அகலமாக விரிந்து மழை போலப் பொழிகிற வகை. திறந்தால் நடுவில் நாலைந்து துளையால் மட்டும் நூல் போல ஒழுகியது. "அண்ணா, கிணத்தடியிலயே அள்ளி வாத்திருக்கலாம்" என்றாள். பூட்டியவர் பிரஷர் மோட்டர் ஒன்று போட்டால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நான் போய்ப் பார்த்தேன். மோட்டர் தேவைப்படவில்லை. அன்றைக்குச் செய்ததை அதே ஒழுங்கில் எழுதுகிறேன். பைப் வேலை தெரியாதவர்களும் செய்யலாம்.

முதலில் ஒரு விஷயம் விளங்கவேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கிணற்று மோட்டர் தண்ணியைத் தாங்கிக்கு ஏற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். பிறகு சவருக்கு வரும் அழுத்தம் முழுக்கத் தாங்கியின் உயரத்தால் வருவது. அழுத்தத்தைப் பார் என்ற அலகில் அளப்பார்கள்: 1 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார், அடிக்கணக்கில் 1 அடிக்கு 0.03 பார். கிணற்று மோட்டரைப் பெரிதாக்கினால் சவரில் வேகம் கூடும் என்று காசைச் செலவழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். தாங்கி கெதியாக நிரம்பும், சவரில் ஒரு மாற்றமும் வராது.

உயரத்தை அளவுங்கள். தாங்கியின் அடியிலிருந்து சவரின் வாய் வரை செங்குத்தாக எத்தனை அடி என்று பாருங்கள். தங்கச்சி வீட்டில் தாங்கி 20 அடிக் கோபுரத்தில் நிற்கிறது, சவர் ஆறரை அடியில். வித்தியாசம் பதின்மூன்றரை அடி, அதாவது 0.4 பார். சாதாரண சவருக்கு இது காணும். ஆனால் ஒற்றைத்தட்டு வீட்டில் 10 அடி உயரப் பிளாட்டின் மேலேயே தாங்கியை வைத்திருந்தால் வித்தியாசம் மூன்றரை அடிதான், 0.1 பார். அங்கே சவரில் பிழை தேடிப் பயனில்லை, தாங்கியைத்தான் உயர்த்தவேண்டும். சவர் வாங்கும்போது பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 1 பார் என்று இருந்தால் அது தாங்கித் தண்ணிக்குரிய சாமான் அல்ல. கடையில் நிற்கும்போதே அதை வாசியுங்கள்.

வாளிச் சோதனை. என் கணக்கில் இதுதான் முக்கியமான படி, இதைச் செய்யாமல் ஒன்றையும் மாற்றவேண்டாம். 10 லீற்றர் வாளியைச் சவருக்குக் கீழே வைத்து, முழுவதும் திறந்து, நிரம்ப எடுக்கும் நேரத்தைத் தொலைபேசியில் பாருங்கள். பிறகு தண்ணியை நிற்பாட்டி, சவர் ஹெட்டைக் கழற்றுங்கள். கையால் இளகாவிட்டால் ஒரு துணியைச் சுற்றி அதன் மேல் ஸ்பனரைப் பிடியுங்கள், அப்போதுதான் பளபளப்பு உரியாது. வெறும் பைப்பில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். தங்கச்சி வீட்டில் ஹெட்டோடு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது, ஹெட் இல்லாமல் 50 விநாடி. பைப்பில் தண்ணி தாராளமாக வருகிறது, அடைப்பு ஹெட்டுக்குள் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு நேரமும் ஒரேயளவு மோசமாக இருந்தால் கோளாறு பின்னால், லைனில் இருக்கிறது.

ஹெட்டைத் துப்பரவாக்குங்கள். புதுச் சவரில் என்ன அடைப்பு என்று கேட்பீர்கள். புது வேலையில்தான் அடைப்பு அதிகம். பீவீசி பைப்பை வாளால் அரியும்போது விழும் தூள், காய்ந்த கம், புரியில் சுற்றிய வெள்ளை ரேப்பின் துண்டு, சீமெந்து மண் எல்லாம் முதல் தண்ணியோடு அடித்துக்கொண்டு வந்து ஹெட்டின் கழுத்தில் உள்ள சின்ன வலையில் தங்கும். நான் கழற்றியபோது அந்த வலையின் முக்கால்வாசி வெள்ளைத் தூளால் மூடியிருந்தது. வலையை ஊசியால் கிளப்பி எடுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதே இடத்தில் நடுவில் சின்ன ஓட்டையுள்ள பிளாஸ்ரிக் வட்டம் ஒன்றும் இருக்கலாம். தண்ணியை மிச்சம் பிடிக்க வைப்பது அது. தாங்கி அழுத்தம் உள்ள வீட்டில் அதை எடுத்துவிடலாம், பத்திரமாக வைத்திருங்கள். வலையை மட்டும் எடுத்தெறிய வேண்டாம், பிறகு மண் துளைகளுக்குள் போய்விடும்.

ஹெட்டை மறுபடி பூட்ட முதல், வெறும் பைப்பை இரண்டு நிமிடம் முழுவேகத்தில் ஓடவிடுங்கள். மிச்சத் தூள் அப்போது வெளியேறும். இதை மறந்தால் அடுத்த கிழமை திரும்பவும் கழற்றவேண்டி வரும். வெள்ளை ரேப்பைப் புரி இறுகும் பக்கமாக நாலைந்து சுற்று சுற்றி, கையால் இறுக்கினால் போதும்.

தங்கச்சி வீட்டில் வேலை இதோடு முடிந்தது. வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிரம்பியது, நிமிடத்துக்கு 8 லீற்றர்.

பிழை லைனில் என்றால் தாங்கியடியில் உள்ள கேற் வால்வைப் பாருங்கள். பாதி திறந்தபடி விட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். முழுக்கத் திறந்தும் தண்ணி விட்டுவிட்டு, துப்பித் துப்பி வந்தால் லைனில் காற்று நிற்கிறது. கரண்ட் இல்லாமல் தாங்கி வற்றிய பிறகு இது வரும். தாங்கியை நிரப்பி, அதே லைனில் ஆகப் பதிவான பைப்பைத் திறந்து, ஓட்டம் சீராகும் வரை விடுங்கள். அடிக்கடி வந்தால் தாங்கியின் வெளிவாசலுக்குக் கிட்ட ஒரு ரீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, தாங்கியின் தண்ணி மட்டத்துக்கு மேல் போகிறமாதிரி ஒரு காற்றுப் பைப் நிறுத்தச் சொல்லுங்கள். தாங்கியிலிருந்தே அரை அங்குலப் பைப் இழுத்திருந்தால் அது வேறு கதை. தாங்கியிலிருந்து 1 அங்குலம், குளியலறைக்கு முக்கால், கடைசித் துண்டு மட்டும் அரை என்று மாற்றவேண்டும், எல்போக்களையும் (வளைவு இணைப்புகளையும்) குறைக்கவேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, தாங்கியை உயர்த்தவும் வழியில்லை என்றால் மட்டும் பிரஷர் மோட்டரை யோசியுங்கள். அதைத் தாங்கியின் வெளிவாசல் லைனில் பூட்டவேண்டும். கரண்ட் வேலையை ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பில் எலெக்ரீசியனே செய்யட்டும். சுடுதண்ணி ஹீற்றர் இருந்தால் அதையும் நீங்கள் திறக்கவேண்டாம்.

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, சவரின் துளைகளிலும் படியும். ஹெட்டை ஒரு மணித்தியாலம் வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும். தங்க நிறம், கறுப்பு நிறம் பூசியவற்றை அவ்வளவு நேரம் ஊறவிடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லி, ஸ்பனரையும் அந்தப் பழைய பிரஷையும் தங்கச்சியின் குளியலறைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.