தோட்டத்து நினைவுகளைச் சேகரிப்பது எப்படி: வரைபடம், குரல், வருஷம், படம்

பலரும் பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ணுவதில் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. ஆல்பம் காத்திருக்கும், அப்பாரும் அமுச்சியும் (தாத்தாவும் பாட்டியும்) காத்திருக்கமாட்டார்கள்.

1. புலப்படம்

பட்டா பார்க்கும் அரசுத் தளத்திலேயே சர்வே எண் கொடுத்துப் புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடத்தை) இறக்கிக்கொள்ளுங்கள். ஏ3 தாளில் இரண்டு பிரதி போதும். பழைய பத்திரத்தில் வேறு எண் இருந்தால் பதறவேண்டாம். 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண் மாறியது. இரண்டு எண்ணையும் தாளில் எழுதிவையுங்கள்.

2. நடந்துகொண்டே பதிவு

திண்ணையில் உட்காரவைத்து "பழைய கதை சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. காலை வெயில் ஏறுமுன் அந்தப் புலப்படத் தாளோடு தோட்டத்துக்குள் கூட்டிப்போய், நிற்கிற இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: "அப்பாரு, போர்வெல் போடறதுக்கு முன்னால இந்த மேட்டுல என்னங்க வெச்சிருந்தீங்க?" கவலைத் தடம் (மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த தடம்), வாமடை (தண்ணீர் திருப்பும் மடை), கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்), களம், கிளுவை வேலி போன கோடு எல்லாவற்றையும் அங்கேயே பென்சிலால் குறியுங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். சட்டையில் குத்தும் வயர் மைக், பஞ்சு உறையோடு, போதும். புளூடூத் மைக்கை நான் பரிந்துரைக்கமாட்டேன். பக்கத்தில் தறிக்குடோன் இருந்தால் தறி நிற்கும் நேரமாகப் பாருங்கள். அந்தச் சத்தத்தைப் பின்னால் சுத்தமாக எடுக்கமுடியாது. வேவ் வடிவத்தில் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வையுங்கள். மணிக்கு 350 எம்பிதான் ஆகும்.

3. வருஷத்தைப் பிடிப்பது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "எந்த வருஷங்க?" என்று கேட்டால் பெரியவர்கள் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளை முளையாக அடியுங்கள். பவானிசாகர் அணை கட்டி முடித்தது 1955. அண்ணா இறந்தது 1969. விவசாயிகள் கோயம்புத்தூரை மறித்த மாட்டுவண்டிப் போராட்டம் 1972. எம்.ஜி.ஆர். இறந்தது 1987. "அண்ணா செத்தப்ப கெணத்துல மோட்டார் இருந்துச்சுங்களா, கவலைதானுங்களா?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

பிறந்த வருஷத்துக்கு ஜாதக நோட்டை நம்புங்கள், பள்ளிச் சான்றிதழை அல்ல. அதில் வாத்தியார் போட்ட தேதிதான் பெரும்பாலும் இருக்கும். ஜாதகத்தில் 'விகாரி, தை' என்றிருந்தால் அது 1959 இல்லை, 1960. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனிக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும் (மார்கழிக் கடைசியும் ஜனவரியில்தான் விழும்). அறுபது வருஷச் சுற்று என்பதால் 1900-உம் விகாரி தைதான். பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பெயரோடு அப்பா பெயர், தோட்டத்துப் பெயர், பிறந்த வருஷம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. படங்கள்

சமதள ஸ்கேனர்தான் வேண்டும். படத்துக்கு 600 டிபிஐ, பத்திரத்துக்கு 300. டிஃப் வடிவத்தில் சேமியுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள். ஸ்டுடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெயரை மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் மேடு தட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

5. பிரதிகள்

மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்; படமாகப் போட்டால் சுருங்கிவிடும்.

பிற்சேர்க்கை: படச்சட்டத்துக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து அப்படியே போட்டோ எடுங்கள். ஒட்டும் பக்க ஆல்பமென்றால் பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்கலாம். நூல் நகராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் பண்ணிவிடுங்கள்.