கணத்தாக்குக் கணக்கு: குறியில்தான் எல்லாம் இருக்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம். பந்து மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் மட்டையாளரிடம் வருகிறது. அடி வாங்கியதும் நொடிக்கு 20 மீட்டரில் வந்த வழியே திரும்புகிறது. பந்தின் நிறை 160 கிராம். மட்டை கொடுத்த கணத்தாக்கு (impulse: விசை × அது செயல்பட்ட நேரம்) எவ்வளவு?

படி 1. அலகு மாற்றம்: 0,16 கி.கி.; 108 ÷ 3,6 = 30 மீ/நொடி. (தென்னாப்பிரிக்க வினாத்தாள்களில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். கணினியும் அதே அமைப்பில் இருந்தால், எக்செலில் 0.16 என்று புள்ளி வைத்து அடித்தால் எண்ணாக எடுத்துக்கொள்ளாது.)

படி 2. எந்தத் திசை நேர்க்குறி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பந்துவீச்சாளரை நோக்கிய திசை நேர்க்குறி என்றால், தொடக்கத் திசைவேகம் −30, இறுதித் திசைவேகம் +20. சறுக்குவது இங்கேதான். குறியை மறந்து 20 − 30 என்று போட்டால் மாற்றம் −10. கணத்தாக்கின் அளவு 1,6 தான் வரும். சரியான கணக்கு 20 − (−30) = 50. ஐந்து மடங்கு வித்தியாசம்! மட்டை முதலில் பந்தை நிறுத்த வேண்டும், பிறகு திருப்பி அனுப்பவும் வேண்டும். அடைப்புக்குறியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஓர் அம்புக்குறிப் படமும் போடுங்கள். மனக்கணக்கை நான் நம்பமாட்டேன்.

படி 3. உந்தம் என்பது நிறை × திசைவேகம். உந்த மாற்றம் = 0,16 × 50 = 8 நியூட்டன் நொடி, பந்துவீச்சாளரை நோக்கி. கணத்தாக்கும் இதுவே. திசை எழுதாத விடை அரைகுறை விடை.

படி 4. மட்டையும் பந்தும் தொட்டிருந்த நேரம் 0,002 நொடி என்றால் சராசரி விசை 8 ÷ 0,002 = 4000 நியூட்டன்.

அதே பந்தை 20 மீ/நொடியில் கேட்ச் பிடித்தால் கணத்தாக்கின் அளவு 3,2. கையை விறைப்பாக வைத்து 0,01 நொடியில் நிறுத்தினால் 320 நியூட்டன். பின்னால் இழுத்து 0,05 நொடியில் நிறுத்தினால் 64. கணத்தாக்கு மாறவில்லை, விசைதான் குறைந்தது. இதை மாற்றி எழுதுபவர்கள் நிறைய.

பின்சேர்க்கை: விசை = உந்த மாற்றம் ÷ நேரம் என்ற சூத்திரத்தில் வருவது நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டியது. 50 கி.கி. நிறையுள்ளவர் 4 மீ/நொடியில் தரையில் இறங்கி 0,2 நொடியில் நின்றால் நிகர விசை 1000 நியூட்டன், மேல்நோக்கி. தரை தரும் விசை அதுவல்ல. எடை 490ஐயும் கூட்டி 1490. மட்டைக் கணக்கில் பந்தின் எடை 1,6 நியூட்டன்கூட இல்லை, 4000க்கு முன்னால் அதை விட்டுவிடலாம்.