வண்ணப் பென்சில் செம்பருத்தி: ஒளியும் நிழலும்

வண்ணப் பென்சிலில் வரைந்த பூ தட்டையாகத் தெரிந்தால், பெரும்பாலும் நிழல் போதவில்லை என்றுதான் பொருள். செம்பருத்தி சிவப்பு என்று மனம் சொல்வதால் கை இதழ் முழுவதையும் ஒரே அழுத்தத்தில் சிவப்பாக்கிவிடுகிறது. வண்ணப் பென்சிலில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளை. அதை மூடிய பிறகு மேலே வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் சிவப்பு வெளிறுமே தவிர, வெயில் திரும்பி வராது.

பூவை எங்கே வைப்பது? ஐரோப்பிய ஓவியப் பாடங்கள் வடக்குச் சன்னலோரம் உட்காரச் சொல்லும். அங்கே சூரியன் தெற்கே நிற்பதால் வடக்கில் நேர் வெயில் விழாது. நாம் இருக்கும் மொரீசியஸ் தெற்கு அட்சரேகை 20 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், மாறாத வெளிச்சத்துக்குத் தெற்குச் சன்னல்தான் ஏற்றது. நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரை உச்சி வெயில் சற்றுத் தெற்கே சாயும். அப்போது சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். கடலோரப் போர்ட் லூயிஸ் வெயிலில் நிழலின் விளிம்பு வெட்டியதுபோல் நிற்கும். மேட்டுநில ஊரான க்யூர்பிப்பின் மேகமூட்டத்தில் கரைந்துபோகும். பழகும்போது வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரட்டும். செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையிலேயே படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி அருகில் வையுங்கள்.

தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில், மேற்பரப்பு வழவழப்பான வாட்டர்கலர் தாளாக இருந்தால் பல அடுக்குகளைத் தாங்கும். கோடு வரைந்ததும் பென்சில் கரியைப் பிசையும் ரப்பரால் ஒற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆக்குங்கள். வண்ணப் பென்சிலின் மெழுகுக்கு அடியில் சிக்கிய கரி பிறகு போகாது. வெளிச்சம் பட்ட நரம்புகளுக்கு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மெல்லப் பள்ளம் போடலாம். மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்டினால் நரம்பு வெள்ளையாகவே நிற்கும்.

இனி நிழலிலிருந்து தொடங்குங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்து, இருண்ட இடங்களில் மட்டும் கருநீலத்தை மெல்லிய அடுக்காகப் போடுங்கள். அதன்மேல் கருஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, வெயிலை நெருங்கும்போது ஆரஞ்சு கலந்த சிவப்பு. மிக வெளிச்சமான இடத்தைத் தொடவே வேண்டாம். ஆறேழு அடுக்குகள் வரை கை லேசாகவே இருக்கட்டும். தொடக்கத்திலேயே அழுத்தினால் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டு, அடுத்த நிறம் வழுக்கும். கடைசியில் மீண்டும் இருட்டுக்குத் திரும்பி, இதழ்கள் கூடும் அடிப்பகுதியை இன்னும் ஒரு படி ஆழமாக்குங்கள். இந்த ஒரு படியைப் பலரும் பயந்து விட்டுவிடுகிறார்கள். பூ எழும்பி நிற்பதே இதனால்தான்.

மகரந்தத் தண்டின் நிழலைக் கூர்ந்து பாருங்கள். தண்டு இதழை ஒட்டியிருக்கும் இடத்தில் விளிம்பு கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கும். இதழின் வளைவோடு அதுவும் வளையும். நேர்கோடாகப் போட்டால் இதழ் பலகையாகிவிடும். பூவுக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தால் கணக்கே வேறு: ஒற்றை இதழ் ஆரஞ்சாக ஒளிரும், இரண்டு இதழ் மேல்படிந்த இடம் மட்டும் கருக்கும்.

மஞ்சள் பூவில் கறுப்பைத் தொடாதீர்கள், பச்சையாக அழுக்கேறும். காவி மஞ்சள், பழுப்பு, மேலே துளி ஊதா போதும். ஈழத்தலரி என்கிற ஃபிராஞ்சிபானி போன்ற வெள்ளைப் பூவுக்கு வெளிர் ஊதாச் சாம்பல் நிழல். பின்னணி இலையைக் கரும்பச்சையாக்கினால் வெள்ளை தானே பளிச்சிடும். அந்தூரியத்தின் பளபளப்புக்கு விளிம்பு மழுங்காத வெள்ளைத் திட்டு வேண்டும்.

மெழுகு கலந்த வண்ணப் பென்சிலில் அடர்த்தியாகத் தீட்டிய நிழல்மேல் சில நாளில் வெண்படலம் படியலாம். மென்மையான பருத்தித் துணியால் லேசாகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஃபிக்ஸட்டிவ் என்னும் ஓவியப் பாதுகாப்புத் தெளிப்பானை இரண்டு மெல்லிய பூச்சாகத் தெளியுங்கள்.