கலிஃபோர்னியாவில் உங்கள் பேரில் பெஞ்ச் வாரண்ட் இருக்கிறதா? தேடுவதும் ரீகால் செய்வதும்

டிராஃபிக் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு மாறி, வேலை மாறி, அந்தத் தேதியையே மறந்துபோகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய உண்டு. போலீஸ்காரர் வாங்கும் அந்தக் கையெழுத்துக்கு, சொன்ன தேதியில் கோர்ட்டைக் கவனித்துக்கொள்கிறேன் என்று பொருள். தெரிந்தே அதை மீறினால், டிக்கெட் எவ்வளவு சில்லறையானதாக இருந்தாலும், கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 40508-ன்படி அது தனியாக ஒரு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகையைச் சேர்ந்த குற்றம். வாய்தாவுக்கு ஆள் வராவிட்டால் நீதிபதி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பிடிவாரண்ட் போடலாம், அதுதான் பெஞ்ச் வாரண்ட். வருஷங்கள் ஓடினால் தானாகக் காலாவதியாகிவிடும் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகாது, ரீகால் செய்யும்வரை, அதாவது கோர்ட் அதைத் திரும்பப் பெறும்வரை, அப்படியே இருக்கும்.

நான் வக்கீல் இல்லை. இங்கே எழுதுவது கலிஃபோர்னியா நடைமுறை மட்டும்; டெக்சாஸ், நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், போனில் வரும் வாரண்ட் எதுவும் நிஜமில்லை

"ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஜூரி டியூட்டிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இது பழைய மோசடி, ஃபெடரல் டிரேட் கமிஷன் பலமுறை எச்சரித்திருக்கிறது. கிஃப்ட் கார்டிலோ பிட்காயினிலோ எந்தக் கோர்ட்டும் பணம் வாங்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் கீழே சொல்லும் முறையில் நீங்களே தேடிப் பாருங்கள்.

எந்தக் கவுண்டி?

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி சுப்பீரியர் கோர்ட், தனி இணையதளம். எல்லாவற்றையும் சேர்த்துத் தேடப் பொதுமக்களுக்கு ஒரே இடம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் கவுண்டி இங்கே கணக்கில்லை, சம்பவம் நடந்த கவுண்டிதான் கணக்கு. சான் ஹோசேயில் இருந்துகொண்டு எல்.ஏ. போகிற வழியில் கெட்டில்மேன் சிட்டி பக்கம் வேகத்துக்கு மாட்டினால் உங்கள் கேஸ் கிங்ஸ் கவுண்டியில் இருக்கும், சான்டா கிளாராவில் எவ்வளவு தேடினாலும் வராது. டிக்கெட்டின் நகல் கிடைத்தால் கோர்ட்டின் பெயர், டிக்கெட் எண் இரண்டும் அதிலேயே இருக்கும்.

பெயரை வைத்துத் தேடுவது

நம் ஆட்கள் திணறுவது இங்கேதான். கோர்ட் இணையதளத்தில் கேஸ் தேடும் பக்கத்துக்குப் போய் முதல் பெயர், கடைசிப் பெயர் போட்டுத் தேட வேண்டும். நம் பெயர்களில் எது முதல், எது கடைசி? அப்பா பெயர் லாஸ்ட் நேமாக இருக்கலாம், இனிஷியல் மட்டும் இருக்கலாம், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்து விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்.என்.யு. (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கலாம். போலீஸ்காரர் லைசென்ஸில் பார்த்ததைத்தான் எழுதியிருப்பார் என்பதால், டிக்கெட் வாங்கிய சமயத்தில் கையில் இருந்த லைசென்ஸில் எப்படி இருந்ததோ அப்படியே முதலில் தேடுங்கள். அப்புறம் முன்பின்னாக மாற்றி, எஃப்.என்.யு. சேர்த்து, இரண்டு சொல்லாக இருக்கும் பெயரை ஒட்டியும் பிரித்தும் தேடிப் பாருங்கள்.

அதே பெயரில் வேறு யாராவது வந்தால் பதற வேண்டாம். குற்ற வழக்குப் பதிவுகளைப் பிறந்த தேதியோ லைசென்ஸ் எண்ணோ கொண்டு தேட விடக் கூடாது என்று 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிவர்சைட் கோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது, அதன்பிறகு பல கோர்ட்டுகள் அந்த வசதியை எடுத்துவிட்டன. சுரேஷ் குமார் என்று தேடினால் யாருடைய கேஸ் என்று திரையில் தெரியாது. கேஸ் எண்ணோ டிக்கெட் எண்ணோ இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

கேஸ் கிடைத்துவிட்டால் அதில் நடந்தவற்றைத் தேதிவாரியாகக் காட்டும் பட்டியலைத் திறங்கள். ஆஜராகவில்லை என்பதற்கு எஃப்.டி.ஏ. என்று போட்டிருப்பார்கள். அதற்கடுத்து வாரண்ட் பிறப்பிக்கப்பட்டதா, பிறப்பித்து ஒரு தேதிவரை நிறுத்தி வைக்கப்பட்டதா, ரீகால் ஆகிவிட்டதா என்று பாருங்கள். நிறுத்தி வைக்கப்பட்டது என்றால் நல்ல செய்தி, அந்தத் தேதிக்குள் போய் நின்றால் போதும். ஜாமீன் தொகை எழுதியிருக்கிறதா, ஜாமீன் கிடையாது என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சான் டியேகோ, ஆரஞ்ச் கவுண்டி ஷெரிஃப் தளங்களில் வாரண்ட்டை நேரடியாகவே தேடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். "என் பேரில் வாரண்ட் இருக்கா சார்?" என்று ஷெரிஃப் ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்காதீர்கள். இருந்தால் அங்கேயே பிடித்து வைக்கலாம்.

வாரண்ட்டா, வெறும் அபராதமா?

டிராஃபிக் டிக்கெட் கேஸ்களில் பாதிப் பயம் இங்கேயே தீர்ந்துவிடும். வராதவர்களுக்கு வாரண்ட் போடுவதற்குப் பதிலாக சிவில் அசெஸ்மென்ட் என்று கூடுதல் தொகை விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அப்படி விதித்தால் அதே காரணத்துக்கு வாரண்ட் போடக் கூடாது. முன்பு 300 டாலர்வரை இருந்த இது, 2022 ஜூலையிலிருந்து 100 டாலருக்கு மேல் போகக் கூடாது. நோட்டீஸ் அனுப்பி குறைந்தது 20 நாள் அவகாசம் தர வேண்டும், நியாயமான காரணம் காட்டினால் ரத்து செய்யவும் செய்வார்கள். உங்கள் கேஸ் இந்த ரகம் என்றால் கோர்ட்டுக்கு ஒரு கடிதமோ விண்ணப்பமோ போட்டு முடிக்கலாம். கீழே உள்ளது மற்றவர்களுக்கு.

ரீகால் செய்வது

குடித்துவிட்டு ஓட்டியது, கடைத் திருட்டு, அடிதடி என்று மிஸ்டிமீனரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் போன் வக்கீலுக்கு. ஏற்கனவே பப்ளிக் டிஃபெண்டர் (அரசு தரும் வக்கீல்) ஒருவர் இருந்திருந்தால் அதே ஆபீஸுக்கு. பெரும்பாலான மிஸ்டிமீனர் கேஸ்களில், தண்டனைச் சட்டம் 977-ன்படி, நீங்கள் இல்லாமலேயே வக்கீல் ஆஜராகலாம். குடும்ப வன்முறை போன்ற சிலவற்றில் நீங்களும் வந்தாக வேண்டும். ஃபெலனி (பெருங்குற்றம்) என்றால் நீங்கள் நேரில் நிற்காமல் வாரண்ட் ரீகால் ஆகும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

வக்கீல் இல்லாமல் போகிறவர்கள், கோர்ட் கிளார்க் கவுண்டரைத் தொடர்புகொண்டு, வாரண்ட் ரீகாலுக்காக கேஸை காலண்டரில் (விசாரணைப் பட்டியலில்) சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். சில கோர்ட்டுகளில் அன்றைக்கே சேர்ப்பார்கள், சிலவற்றில் வேறு தேதி தருவார்கள்.

தள்ளிப்போடாதீர்கள். ஜாமீன் பணம் கட்டாமல், வருகிறேன் என்ற உறுதிமொழியில், சொந்தப் பொறுப்பில் வெளியே விடப்பட்டவர் குறித்த தேதியிலிருந்து 14 நாளுக்குள் வரவில்லை என்றால், தப்பிக்கும் நோக்கம் இருந்ததாகவே தண்டனைச் சட்டம் 1320 அனுமானிக்கிறது. ஜாமீன் கட்டியிருந்தால் அந்தப் பணமும் பறிமுதல் பட்டியலுக்குப் போகும், அதை மீட்கப் பொதுவாக 180 நாள்தான். நீங்களாக வந்து நிற்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ரோட்டில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் கதை வேறு. 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்தான், ஆனால் ஞாயிறும் விடுமுறையும் அதில் சேராது, வெள்ளி மாலை பிடிபட்டு ஜாமீனும் கட்ட முடியவில்லை என்றால் திங்கள்வரை உள்ளேதான்.

போகும்போது ஏன் வரவில்லை என்பதற்குக் காகிதம் கொண்டு போங்கள்: ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ், ஊருக்குப் போன விமான டிக்கெட், புது வீட்டு லீஸ். வராததற்குக் காரணம் மட்டும் சொல்லுங்கள், மூல வழக்கில் என்ன நடந்தது என்று நீதிபதியிடம் கதை சொல்ல ஆரம்பிக்க வேண்டாம், பேசுவதெல்லாம் பதிவாகும். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், குற்ற வழக்கில் அது உங்கள் உரிமை, காசு இல்லை. தமிழுக்கு ஆள் கிடைக்க நாளாகலாம்.

எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள், "சும்மா ஒத்துக்கிட்டு அபராதம் கட்டி முடிச்சிடலாம்" என்ற நண்பர்களின் யோசனையைக் கேட்டு அன்றைக்கே குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என 2010-ல் படியா (Padilla) வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கிரிமினல் வக்கீலையும் இமிக்ரேஷன் வக்கீலையும் பேச வைத்துவிட்டு முடிவெடுங்கள்.

ரீகால் ஆன பிறகு

வாரண்ட் போய்விட்டாலும் மூல வழக்கு அப்படியேதான் இருக்கிறது, அடுத்த தேதியை வாங்காமல் வெளியே வராதீர்கள். நீதிபதியின் உத்தரவு நகலைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்கி வண்டியில் வையுங்கள், போலீஸ் கணினியில் வாரண்ட் நீங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். அப்படியே முகவரியையும் மாற்றுங்கள். லைசென்ஸ் தரும் டி.எம்.வி.க்கும் குடியேற்றத் துறைக்கும் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கோர்ட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது.