ஹெட்போனுக்குப் பலமான குட்டி அம்பிளிஃபயர்

300 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போனை நேராகக் கைபேசியில் செருகினால் பெரும்பாலும் சத்தம் போதாது. வீட்டிலேயே ஓர் அம்பிளிஃபயர் செய்யலாம். ஒலியைப் பெருக்க ஓபிஏ2134 (OPA2134) என்ற ஐசி சிப் ஒன்று போதும், அதற்குள் இடது, வலது என இரண்டு சனலும் உண்டு. 32 ஓம் ஹெட்போனுக்கும் நல்ல பலம் வேண்டுமென்றால், சனலுக்கு ஒரு பஃப்634 (BUF634) என்ற பஃபர் சிப், அதாவது கூடுதல் மின்னோட்டம் தரும் சிப், சேருங்கள். அது 250 மில்லிஅம்பியர் வரை கொடுக்கும். ஃபீட்பேக் வயரை (வெளியே வரும் ஒலியை ஓபிஏ2134க்குத் திருப்பிக் கொடுக்கும் வயர்) பஃபருக்குப் பிறகுதான் எடுக்கவேண்டும், மறக்காதீர்கள்.

முக்கியமான விஷயம் பற்றரி. ஒரே 9 வோல்ட்டை ரெசிஸ்டர் வைத்து இரண்டாகப் பிரிக்கும் வழி இந்தப் பலத்துக்குத் தாங்காது, பிரித்த நடுப்புள்ளியின் வோல்ட் நிலையாக நிற்காமல் ஆடும். இரண்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடராக இணையுங்கள். இரண்டும் சேரும் இடம்தான் கிரவுண்ட், அதாவது பூச்சிய வோல்ட் புள்ளி. சுவிட்ச் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாக வெட்டவேண்டும். ஒன்று மட்டும் வெட்டுப்பட்டால் மற்றப் பற்றரியின் வோல்ட் ஹெட்போனுக்குள் போய் அதைக் கருக்கிவிடும்.

அதனால் ஹெட்போனைச் செருக முன்னம், மல்ரிமீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சனலின் வெளியீட்டையும் கிரவுண்டுடன் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் சரி. 50ஐத் தாண்டினால் செருகவே வேண்டாம், ஈயம் பற்றவைத்த இடங்களை மறுபடி பாருங்கள்.

பெட்டிக்கு மூடியுள்ள சவர்க்காரப் பெட்டி போதும். கிளிநொச்சி, பரந்தன் பக்கம் கோடையில் செம்மண் புழுதி வொலியூம் பொட்டுக்குள் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் பொட்டென்ஷியோமீற்றர்) புகுந்து கரகரக்கும். ஆகவே மூடிய வகைப் பொட்டாகவே கேட்டு வாங்குங்கள். பஸ் ஜன்னலோர வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், பற்றரி ஒழுகும்.